கடல் கடந்து வந்த கம்பெனிகள் – 11: மேய்க்கால் நிலத்தில் ஒரு டயர் ஆலை

சென்ற வாரம் ஐதராபாத்தில் நிறுத்தியிருந்தோம்.

2018 ஆகஸ்ட் 9. ஹைடெக் சிட்டி பக்கம் போன வண்டிகள் எல்லாம் ஊர்ந்துதான் போயின. வீட்டுச் சாமான் விற்கும் ஸ்வீடன் நாட்டு ஐக்கியா, இந்தியாவில் தன் முதல் கடையைத் திறந்த நாள் அது. 13 ஏக்கர் இடம். 4 லட்சம் சதுர அடிக் கட்டடம். ஒரே நேரத்தில் 1,000 பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய உணவகம். சுமார் 950 பேருக்கு நேரடி வேலை. கம்பெனியை 1943-ல் தொடங்கிய இங்வார் காம்ப்ராட் இதைப் பார்க்கவில்லை. 2018 ஜனவரியில்தான் காலமாகியிருந்தார்.

அந்தக் கடை சும்மா திறந்துவிடவில்லை என்பதையும் பார்த்தோம். ஒரே பிராண்டு விற்கும் கடைகளில் வெளிநாட்டு முதலீட்டை 2006-ல் 51 சதவீதம் வரை அனுமதித்தது இந்தியா. 2012 ஜனவரியில் அது 100 சதவீதம் ஆனது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: விற்கும் சரக்கின் மதிப்பில் 30 சதவீதத்தை இந்தியாவிலேயே, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும்.

2012 ஜூனில் 25 கடைகள், 10,500 கோடி ரூபாய் என்று ஐக்கியா விண்ணப்பம் போட்டது. நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டது. சிறு தொழில்தான் என்ற கட்டாயம் அந்த செப்டம்பரில் தளர்ந்தது. 30 சதவீதம் அப்படியே நின்றது. 2013 மே மாதம் இறுதி ஒப்புதல் கிடைத்தது.

படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் நெய்து உலகச் சந்தைக்கு அனுப்பும் கரூர் போன்ற ஊர்களுக்கு அந்த 30 சதவீதம் எத்தனை பெரிய செய்தி என்பதோடு போன பகுதியை முடித்தோம்.

இந்த வாரம் அதே ஆண்டுகளில், வேறு ஓர் இடத்துக்குப் போகிறோம். அங்கும் கடல் கடந்து ஒரு கம்பெனி வந்தது. அங்கும் வேலை என்ற சொல்தான் முன்னால் வந்தது. ஆனால் அந்த ஊருக்காக நிபந்தனை போட யாரும் இருக்கவில்லை.

ஊரின் பெயர் தேர்வாய் கண்டிகை.

1. எல்லையோரத்து ஊர்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போய், கவரைப்பேட்டை பக்கம் மேற்கே திரும்பினால் சத்தியவேடு போகும் சாலை. திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம். தலைநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான் என்றாலும், 15 ஆண்டுகளுக்கு முன்பு வரை சென்னைக்காரர்கள் அதிகம் கேள்விப்படாத பெயர் அது. இன்னும் கொஞ்சம் போனால் ஆந்திர எல்லை.

ஊர் மக்களில் மிகப் பெரும்பான்மையினர் தலித்துகள். விவசாயக் கூலி, ஆடு மாடு, கொஞ்சம் சொந்த நிலம். ஊரை ஒட்டி ஏரிகள். அவற்றுக்கு மேலே மரமும் புதரும் அடர்ந்த பெரிய நிலப்பரப்பு. ஊர்க்காரர்கள் அதைக் காடு என்றார்கள்.

பட்டா நிலம் இல்லாத குடும்பத்துக்கு அந்தக் காடு என்னவெல்லாம் தந்தது என்று ஒரு நாளைக் கணக்கெடுத்தால் புரியும். காலையில் ஆடுமாடு அவிழ்த்துவிட இடம். அடுப்புக்கு விறகு. வயலுக்குத் தழை. கீரை, மூலிகை. கூலி கிடைக்காத மாதத்தில் ஒரு கிடாயை விற்றால் பள்ளிக் கட்டணம். மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து வழியும் தண்ணீர்தான் ஏரிக்கு வரத்து. ஏரி நிறைந்தால்தான் கீழே நடவு. நடவு இருந்தால்தான் கூலி.

காசு புழங்காத வரவு இது. அதனால் எந்தக் கணக்கிலும் ஏறாத வரவு.

இந்த வட்டாரத்துக்கு நிலம் பற்றிய ஒரு பழைய நினைவும் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் 1997-ல் பிரியும் வரை இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. அதே செங்கல்பட்டின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் என்ற ஆங்கிலேயர்தான், நிலமில்லாமல் ஒடுங்கிக் கிடந்த பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891-ல் அரசுக்கு அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை 1892-ல் பிறந்ததற்கு அந்த அறிக்கைதான் வித்து. கொடுத்த நிலங்களில் எத்தனையோ பிறகு கைமாறிப் போனது தனிக்கதை.

தேர்வாய் கண்டிகைக் காடு பஞ்சமி நிலம் இல்லை. அது பொதுநிலம். நிலம் கைக்கு வராத மக்களுக்கு, அல்லது வந்தும் நிற்காத மக்களுக்கு, ஊர்ப் பொதுநிலம் மட்டும்தான் மிச்சம் என்பதைப் புரிந்துகொள்ளவே இந்தப் பழங்கதை.

2. பதிவேட்டில் ஒரு சொல்

கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு என்று ஒன்று இருக்கும். புல எண், உட்பிரிவு, பரப்பு, வகைப்பாடு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று கட்டம் கட்டமாக ஓடும். ஊரில் உள்ள ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அதில் ஒரு வரி உண்டு.

பட்டா நிலம் என்றால் பெயர் இருக்கும். புறம்போக்கு என்றால் பெயர் இருக்காது. அதன் பயன்பாடு மட்டும் இருக்கும். ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மந்தைவெளி, மயானம், மேய்க்கால்.

தேர்வாய் கண்டிகைக் காடு மேய்க்கால் புறம்போக்கு.

வனத்துறைப் பதிவில் அது காடு இல்லை. ஆகவே 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கடுமையான வாசல்படிகளை அது ஏற வேண்டியதில்லை என்பது அரசுத் தரப்பின் நிலை. யாருடைய பெயரிலும் பட்டா இல்லை. ஆகவே கையகப்படுத்தல் நோட்டீஸ் இல்லை, இழப்பீடு இல்லை. யாருடைய வீடும் அதற்குள் இல்லை. ஆகவே மறுகுடியமர்வு இல்லை.

ஒரு தொழிற்பூங்காவுக்கு இதைவிடச் சுலபமான நிலம் எங்கே கிடைக்கும்?

1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட், அதாவது தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம், ராணிப்பேட்டையில் ஆரம்பித்து மாநிலம் முழுக்கத் தொழிற்பேட்டைகள் அமைத்த நிறுவனம். கும்மிடிப்பூண்டியிலும் அதற்கு ஏற்கெனவே ஒரு வளாகம் இருந்தது. 2000-களின் பிற்பாதியில் புதிய பூங்காவுக்கு அது தேர்ந்த இடம் தேர்வாய் கண்டிகை. பரப்பு சுமார் 1,127 ஏக்கர்.

அவசரத்துக்கு ஒரு காரணம் எல்லைக்கு அந்தப் பக்கமே இருந்தது. சத்தியவேட்டை ஒட்டி ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி 2008-ல் எழுந்துகொண்டிருந்தது. அதே சென்னைத் துறைமுகத்தையும் அதே நெடுஞ்சாலையையும் காட்டி அவர்களும் கம்பெனிகளைக் கூப்பிட்டார்கள். தமிழ்நாடோ கார் தொழிலின் உச்சத்தில் இருந்தது. ஃபோர்டு, ஹூண்டாய், பிஎம்டபிள்யூ வந்தாயிற்று. ரெனோ-நிஸான் ஒரகடத்தில் கட்டிக்கொண்டிருந்தது. வண்டி செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் டயர் செய்யவும் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் அப்போது பிரான்ஸில் இந்திய வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3. கிளெர்மோன் ஃபெரான்காரர்கள்

பிரான்ஸின் நடுவில், எரிமலைக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கும் கிளெர்மோன் ஃபெரான் நகரில் 1889-ல் ஆந்த்ரே, எதுவார் என்ற இரண்டு சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி மிஷெலின். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் கையேடும் இவர்களுடையதுதான். வண்டி ஓட்டுகிறவர்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும் என்ற வியாபார மூளையில் 1900-ல் பிறந்தது அது.

சொந்த ஊரில் மிஷெலின் தொழிலாளிகளுக்கு வீடு கட்டிக்கொடுத்தது. பள்ளி நடத்தியது, மருத்துவமனை நடத்தியது. ஒரு நகரமே கம்பெனியின் நிழலில் வளர்ந்தது.

1946-ல் ரேடியல் டயருக்கு மிஷெலின் காப்புரிமை பதிந்தது. பழைய பயாஸ் டயரில் நூலிழைகள் ஒன்றன் மேல் ஒன்று குறுக்கு மறுக்காக ஓடும். ரேடியலில் அவை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும். மேலே எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். சூடு குறைவு, தேய்மானம் குறைவு, டீசல் செலவும் குறைவு.

ஐரோப்பிய லாரிகள் எப்போதோ ரேடியலுக்கு மாறிவிட்டன. இந்திய லாரிகள் 2000-களிலும் பெரும்பாலும் பயாஸில்தான் ஓடின. பாரம் அதிகம் ஏற்றுவார்கள், சாலை மோசம், டயர் விலையும் கட்டாது என்று காரணங்கள் இருந்தன. ஆனால் தங்க நாற்கரச் சாலைகள் வந்தபின் அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தேய ஆரம்பித்தன.

மிஷெலின் முதலில் கூட்டாளியோடுதான் வந்து பார்த்தது. 2003-ல் அப்போலோ டயர்ஸுடன் கைகோத்து லாரி ரேடியல் டயர் செய்யத் திட்டம் போட்டது. சில ஆண்டுகளில் அந்தக் கூட்டு கலைந்தது. அடுத்த முறை தனியாகவே வருவதென்று முடிவெடுத்தது.

4. 2009 நவம்பர்

சென்னையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கோட்டையில் தி.மு.க. ஆட்சி, முதல்வர் மு. கருணாநிதி.

முதலீடு 4,000 கோடி ரூபாய். இடம் தேர்வாய் கண்டிகை சிப்காட். சுமார் 290 ஏக்கர், நீண்டகாலக் குத்தகை. பொருள், லாரிக்கும் பேருந்துக்குமான ரேடியல் டயர். நேரடி வேலை சுமார் 1,500 பேருக்கு.

இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

பூங்காவின் மொத்தப் பரப்பில் நான்கில் ஒரு பங்குதான் மிஷெலினுக்கு. ஆனால் பூங்காவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த நான்கில் ஒரு பங்குதான். ஒரு பெரிய கம்பெனி வந்தால் பின்னால் பத்து கம்பெனிகள் வரும் என்பது தொழில்துறையின் நெடுநாள் நம்பிக்கை. அது பொய்க்கவும் இல்லை. டயருக்கு வேண்டிய கார்பன் கரி செய்யும் ஆலை உட்பட வேறு கம்பெனிகளும் பிற்பாடு அதே பூங்காவுக்கு வந்தன.

கையெழுத்துப் போட்ட மேசையில் இரண்டு தரப்பு இருந்தது. அரசு, கம்பெனி. மேய்க்காலில் ஆடு மேய்த்தவர்கள் மூன்றாம் தரப்பு. அவர்களுக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை.

5. ஊர் எழுந்தது

ஒப்பந்தத்துக்கு முன்பே ஊர் விழித்துக்கொண்டது. 2008 முதலே மனு, தீர்மானம், மறியல் என்று போராட்டம் நடந்தது. கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். காட்டுக்குள் இயந்திரம் இறங்கியபோது பெண்கள் முன்னால் போய் நின்றார்கள். போலீஸ் வந்தது. கைதுகள் நடந்தன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பூங்கா நிற்கவில்லை.

மரங்கள் விழுந்தன. வேலி வந்தது.

ஊர் கேட்டது என்ன? மூன்று விஷயங்கள். மேய்ச்சலுக்கு மாற்று இடம் எங்கே? ஏரி வரத்து என்ன ஆகும்? எங்களை யார் கேட்டார்கள்?

அரசு சொன்னது என்ன? இது அரசு நிலம். யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றவில்லை. தொழிற்சாலை வந்தால் உங்கள் பிள்ளைகளுக்குத்தான் வேலை.

இந்த மூன்றாவது பதில் லேசானதல்ல. ஊருக்குள்ளேயே அதற்குச் செவி இருந்தது. ஆடு மேய்த்த அப்பாவின் மகன் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தான். அவன் ஆடு மேய்க்கப் போவதில்லை என்பது அப்பாவுக்கும் தெரியும். சாதியின் பெயரால் நிலமும் கூலியும் மறுக்கப்பட்ட சமூகத்துக்கு, சீருடை போட்டு மாதச் சம்பளம் வாங்கும் வேலை என்பது பணம் மட்டும் இல்லை, மரியாதையும்தான். காட்டை விடக் கூடாது என்றவர்களும், வேலையை உறுதி செய்துகொண்டு விடலாம் என்றவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள்.

இதற்கிடையே தில்லியிலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. 2011 ஜனவரி 28. பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளத்தை ஆக்கிரமித்தது பற்றிய ஜக்பால் சிங் வழக்கு. ஊர்ப் பொதுநிலம் ஊருக்கே உரியது, ஆக்கிரமிப்புகளை அகற்ற ஒவ்வொரு மாநிலமும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நாடு முழுக்கப் பொதுநிலத்துக்காகப் போராடியவர்கள் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

தேர்வாய் கண்டிகையில் அதற்குள் வேலி எழுந்துவிட்டது.

6. பாரிஸின் கதவு

இங்குதான் இந்தக் கதை எதிர்பாராத பக்கம் திரும்புகிறது.

உள்ளூரில் கதவுகள் அடைபட்ட பிறகு, ஊர்ச் சங்கமும் தமிழ்நாடு நில உரிமைக் கூட்டமைப்பும் கம்பெனியின் சொந்த நாட்டுக் கதவைத் தட்டின. கூடவே மூன்று பிரெஞ்சு அமைப்புகள் கை கொடுத்தன. கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான சிசிஎஃப்டி, வழக்கறிஞர்களின் அமைப்பான ஷெர்பா, பிரான்ஸின் பெரிய தொழிற்சங்கங்களில் ஒன்றான சிஜிடி.

கடைசிப் பெயரைக் கவனியுங்கள். பிரான்ஸில் மிஷெலின் தொழிலாளிகள் மத்தியிலும் இருக்கும் சங்கம் அது. அங்கே சம்பளத்துக்காகக் கம்பெனியோடு மல்லுக்கு நிற்கிறவர்கள், இங்கே ஆடு மேய்க்கிறவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டார்கள்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு என்பது பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு. இந்தியா அதில் உறுப்பினர் இல்லை, பிரான்ஸ் உறுப்பினர். பன்னாட்டுக் கம்பெனிகள் வெளிநாடுகளில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்த அமைப்பு 1976-லேயே வழிகாட்டுதல்கள் வகுத்தது. 2011-ல் அவற்றைத் திருத்தி மனித உரிமைக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தது. ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் புகார் கேட்க ஒரு தொடர்பு மையம் உண்டு. பிரான்ஸில் அரசு அதிகாரிகள், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என முத்தரப்பும் அதில் உட்காரும்.

2012 ஜூலையில் அந்த மையத்தில் தேர்வாய் கண்டிகையின் புகார் பதிவானது. ஐக்கியா தில்லியில் விண்ணப்பம் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஐரோப்பியக் கம்பெனி ஒன்று இந்திய அரசின் கதவைத் தட்டிய அதே கோடையில், தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்று ஐரோப்பிய அரசின் கதவைத் தட்டியது.

புகாரின் சாரம் இதுதான். நிலத்தைக் கொடுத்தது அரசு என்றாலும், அந்த நிலத்தை நம்பி வாழ்ந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன ஆகும் என்று பார்த்திருக்க வேண்டியது கம்பெனியின் கடமை. அது செய்யப்படவில்லை.

மிஷெலினின் பதில் தெளிவாக இருந்தது. நிலத்தைத் தேர்ந்ததும் பூங்கா அமைத்ததும் சிப்காட். நாங்கள் அதில் குத்தகைதாரர் மட்டுமே. இந்தியச் சட்டப்படிதான் எல்லாம் நடந்திருக்கிறது. சுற்றுவட்ட கிராமங்களில் பயிற்சியும் நலப்பணிகளும் செய்துவருகிறோம்.

ஓராண்டுக்கு மேல் விசாரணை நடந்தது. 2013 செப்டம்பரில், நடைமுறையில் நம்பிக்கை இழந்து புகார்தாரர்கள் விலகிக்கொண்டார்கள். அதே மாதம் மையம் தன் முடிவைச் சொன்னது. மிஷெலின் வழிகாட்டுதல்களை மொத்தத்தில் மீறவில்லை. ஆனாலும் இந்தத் திட்டத்தின் சமூக, சுற்றுச்சூழல், மனித உரிமை விளைவுகளைக் கம்பெனி கூடுதலாக மதிப்பிட வேண்டும். உள்ளூர் மக்களோடு பேச வேண்டும்.

கம்பெனிக்கு நிம்மதி. ஊருக்கு ஒரு பரிந்துரை. அதை நிறைவேற்றச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அந்த மையத்துக்கு இல்லை.

இதே 2013-ன் ஏப்ரலில் டாக்கா அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளிகள் மாண்டிருந்தார்கள். கடல் கடந்து போன கம்பெனிக்குப் பொறுப்பு எது வரை என்ற கேள்வி பிரான்ஸில் சூடு பிடித்தது. 2017 மார்ச்சில் பெரிய கம்பெனிகளுக்கான கண்காணிப்புக் கடமைச் சட்டம் அங்கே வந்தது. அதற்காகக் குரல் கொடுத்த அமைப்புகளில் ஷெர்பாவும் சிசிஎஃப்டியும் உண்டு. தேர்வாய் கண்டிகைக்காக வாதாடிய அதே அமைப்புகள்.

அந்தச் சட்டம் வரும்போது தேர்வாய் கண்டிகையில் ஆலை ஓடத் தொடங்கி ஆண்டுகள் ஆகியிருந்தன.

7. ஷிப்ட் பஸ்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் வேலை என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. எந்த டீக்கடையில் கேட்டாலும் வகை பிரித்துச் சொல்வார்கள். பெர்மனென்ட், டிரெய்னி, அப்ரென்டிஸ், காண்ட்ராக்ட். பல ஆலைகளில் கழுத்தில் தொங்கும் அட்டையின் கயிற்று நிறத்தை வைத்தே யார் எந்த வகை என்று தெரிந்துவிடும். காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஒரே பஸ்ஸிலிருந்து இறங்குகிற நாற்பது பேருக்குள் நான்கு விதச் சம்பளம் இருக்கும்.

டயர் ஆலை பெரும்பாலும் இயந்திரங்களால் ஓடுவது. ரப்பரையும் கார்பன் கரியையும் கலக்கும் மிக்ஸர், எஃகுக் கம்பிக்கு ரப்பர் பூசும் காலண்டர், பச்சை டயரை உருட்டிக் கட்டும் டிரம், சூட்டில் வேகவைக்கும் பிரஸ். ஒவ்வொன்றுக்கும் படித்த, பழகிய கை வேண்டும். எட்டாவதோடு நின்ற நாற்பது வயது ஆடு மேய்ப்பவருக்கு அங்கே என்ன இருக்கும்? தோட்டம், துப்புரவு, காவல், கேன்டீன். அவையும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக வரும் வேலைகள்.

காட்டை இழந்தவர் ஒருவர், வேலை பெறுகிறவர் வேறொருவர். ஒரே வீட்டில் அப்பாவும் மகனுமாக இருந்தால் கணக்கு நேராகும். வேறு வேறு வீடு என்றால், ஏன், வேறு வேறு மாவட்டம் என்றால், ஆகாது.

இனி அந்த 1,500-க்கு வருவோம்.

4,000 கோடியை 1,500-ஆல் வகுத்தால், ஒரு நேரடி வேலைக்குச் சுமார் 2 கோடியே 66 லட்சம் ரூபாய் முதலீடு. 1,500 பேரை 290 ஏக்கரில் நிறுத்தினால், ஏக்கருக்கு ஐந்து பேர். ஐக்கியாவின் ஐதராபாத் கடையில் 13 ஏக்கருக்கு 950 பேர், அதாவது ஏக்கருக்கு எழுபதுக்கு மேல். கடையும் ஆலையும் ஒன்றல்ல. டயர் ஆலைக்கு இடம் அதிகம் வேண்டும். அது ஏற்றுமதி செய்யும், வரி கட்டும், பின்னால் பல சிறு ஆலைகளுக்கு ஆர்டர் கொடுக்கும். எல்லாம் உண்மை. ஆனால் ‘வேலை’ என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டி நிலம் கேட்கும்போது, ஏக்கருக்கு எத்தனை வேலை என்று கேட்கும் உரிமை நிலம் கொடுத்த ஊருக்கு உண்டு.

கம்பெனி வேலைக்கு ஆயுளும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் திறந்த நோக்கியா ஆலை 2014-ல் மூடியது. மறைமலை நகர் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. மிஷெலின் அப்படிப் போகவில்லை. மாறாக, இந்த ஆலையில் கார் டயரும் செய்ய ரூ.564 கோடி போடுவதாக 2025-ல் அறிவித்தது. ஊருக்கு அது நல்ல செய்திதான். ஆனால் கம்பெனி இருந்தாலும் போனாலும் மேய்க்கால் திரும்பி வராது.

8. விடுபட்ட கட்டம்

இரண்டு வாரக் கதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது.

ஐக்கியா வந்தபோது அரசு கம்பெனியோடு பேரம் பேசியது. எங்கள் சந்தை வேண்டுமென்றால் எங்கள் ஊர்ச் சரக்கை வாங்கு என்றது. கம்பெனி முணுமுணுத்தது, காத்திருந்தது, ஒத்துக்கொண்டது. நிபந்தனை போட்டதால் கம்பெனி ஓடிவிடவில்லை.

மிஷெலின் வந்தபோது அரசே நிலத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தது. இத்தனை சதவீத வேலை சுற்றியுள்ள கிராமங்களுக்கு, மேய்ச்சலுக்கு இத்தனை ஏக்கர் மாற்று நிலம், ஏரி வரத்துக்கு இந்த ஏற்பாடு என்று மூன்று வரியை முதலிலேயே ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தால், ஊர் பாரிஸ் வரை போயிருக்க வேண்டியதில்லை. கம்பெனிக்கும் ஓராண்டு தலைவலி மிச்சமாகியிருக்கும். பிரெஞ்சு மையம் 2013-ல் செய்யச் சொன்ன மதிப்பீடு, நாம் 2009-லேயே செய்திருக்க வேண்டியது.

உருவாகும் வேலையை எழுத ஒப்பந்தத்தில் கட்டம் இருந்தது. ஏற்கெனவே இருந்த பிழைப்பை எழுதக் கட்டம் இல்லை. குற்றத்தை முதலில் சுமக்க வேண்டியது கம்பெனி அல்ல, ஒப்பந்தம் எழுதிய நம் அரசுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை.

காடு போன பிறகும் ஊருக்கு ஏரி இருந்தது. ஆலைக்கு ஒப்பந்தம் போட்டு நான்கு ஆண்டு கழித்து, 2013-ல், அந்த ஏரியின் மேலும் ஒரு கண் விழுந்தது. இம்முறை பிரான்ஸிலிருந்து இல்லை, சென்னையிலிருந்து. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்து, கிருஷ்ணா நீரைத் தேக்கி, தலைநகருக்குக் குடிநீர் கொடுக்கும் நீர்த்தேக்கம். அடிக்கல் நாட்டியவர் முதல்வர் ஜெயலலிதா. ரூ.380 கோடி செலவில், அரை டிஎம்சி கொள்ளளவோடு, 2020 நவம்பர் 21 அன்று அதைத் திறந்துவைத்தவர் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா.

தொழிலுக்குக் காட்டையும் நகரத்துக்கு ஏரியையும் கொடுத்த ஊர் அது. இரண்டாவது முறையாவது அதற்கு நிபந்தனை போட யாராவது இருந்தார்களா?

(அடுத்த வாரம்: அரை டிஎம்சி)